டிரான்ஸ்ஃபர் செய்தியைப் படிப்பது எப்படி? பார்சிலோனா கணக்கை வைத்து ஒரு வழிகாட்டி

ஐரோப்பியக் கால்பந்தைப் புதிதாகப் பின்தொடர ஆரம்பித்தவர்களுக்கு ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது. ஆஃப்சைடு கூட நாலைந்து மேட்ச் பார்த்தால் பழகிவிடும். ஆனால் சீசன் முடிந்ததும் ஆரம்பிக்கிற டிரான்ஸ்ஃபர் செய்திகள் மட்டும் தலையும் புரியாது, வாலும் புரியாது. கழுத்து வரை கடன் என்று சொல்லப்படுகிற கிளப் எப்படி 50 மில்லியன் யூரோவுக்கு ஆள் எடுக்கிறது? அப்படி எடுத்த ஆளை ஏன் ஆட விடாமல் உட்கார வைத்திருக்கிறார்கள்? சொந்த ஊரில் வளர்ந்த, நன்றாக ஆடுகிற பையனை ஏன் ஜூன் மாசக் கடைசியில் அவசர அவசரமாக விற்கிறார்கள்?

இதற்கெல்லாம் பதில் இருக்கிறது, கஷ்டமான பதிலும் இல்லை. ஒரு டிரான்ஸ்ஃபர் நல்லதா கெட்டதா என்பதை விலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த விலை எந்த வருடக் கணக்கில் ஏறுகிறது, அந்த ஆள் களத்தில் யார் நிற்கிற இடத்தில் போய் நிற்கப்போகிறார், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இதைக் கற்றுக்கொள்ள 2017-க்குப் பிந்தைய பார்சிலோனாவை விட நல்ல பாடம் கிடையாது என்பது என் எண்ணம். உலகத்திலேயே அதிகம் சம்பாதிக்கிற கிளப்புகளில் ஒன்று, நாலே வருடத்தில் மெஸ்ஸியை வைத்துக்கொள்ள முடியாத நிலைக்கு வந்தது. அதனால் பெரும்பாலும் அந்தக் கிளப்பை வைத்தே சொல்கிறேன், நடுநடுவே இங்கிலாந்துக்கும் போய் வரலாம்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

பெரிய லீகுகளில் வருடத்துக்கு இரண்டு டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது ஆட்களை வாங்கி விற்க அனுமதி உள்ள காலம். கோடையில் ஒன்று, செப்டம்பர் தொடக்கத்தில் முடியும். அப்புறம் ஜனவரியில் ஒன்று. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். புதியவர்கள் கவனிக்காத தேதி ஜூன் 30. பெரும்பாலான கிளப்புகள் அன்றைக்குத்தான் வருடக் கணக்கை முடிக்கின்றன. அன்றைக்குள் விற்றால் லாபம் இந்த வருடக் கணக்கில், மறுநாள் விற்றால் அடுத்த வருடக் கணக்கில்.

இந்த ஒரு நாள் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டைப் பாருங்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகில் அப்போது ஒரு விதி இருந்தது: மூன்று வருடத்துக்குச் சேர்த்து ஒரு கிளப் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது. கீழ் டிவிஷனில் இருந்து வந்த கிளப்புக்கு வரம்பு இன்னும் குறைவு, ஃபாரஸ்ட்டுக்கு அது 61 மில்லியன். அவர்கள் தங்கள் அகாடமியில் (கிளப்பின் சிறுவர் பயிற்சிப் பள்ளி) வளர்ந்த பிரென்னன் ஜான்சனை டாட்டனமுக்கு 47.5 மில்லியன் பவுண்டுக்கு விற்றார்கள். ஆனால் விற்றது 2023 செப்டம்பர் 1, கணக்கு முடிந்து இரண்டு மாதம் கழித்து. கொஞ்சம் பொறுத்து விற்றதால்தான் நல்ல விலை கிடைத்தது என்று வாதாடினார்கள். எடுபடவில்லை. 2024 மார்ச்சில் நாலு புள்ளி வெட்டு. அதே சீசனில் எவர்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் அதை 6 ஆக்கி, அப்புறம் இன்னொரு வழக்கில் 2 வெட்டினார்கள்.

அதே 2024 ஜூன் மாசக் கடைசியில் நியூகாசில் என்ன செய்தது என்று பார்த்தால் பாடம் நன்றாகப் பதியும். எலியட் ஆண்டர்சன் என்ற, சின்ன வயதிலிருந்து அந்த ஊர் அகாடமியிலேயே வளர்ந்த மிட்ஃபீல்டரையும், மின்டே என்ற விங்கரையும் கெடுவுக்குள் விற்றுவிட்டார்கள். ஏன் சொந்தப் பையனை விற்கவேண்டும்? காரணம் அடுத்து வருகிற கணக்கில் இருக்கிறது.

விலையை வருடத்தால் வகுங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இது புரிந்தால் பாதி புரிந்த மாதிரி.

ஒரு ஆளை 60 மில்லியனுக்கு வாங்கி நாலு வருட ஒப்பந்தம் போட்டால், கணக்குப் புத்தகத்தில் அந்த வருடம் 60 மில்லியன் செலவு என்று எழுதமாட்டார்கள். நாலால் வகுத்து வருடத்துக்கு 15 மில்லியன் என்று எழுதுவார்கள். இதற்குப் பெயர் அமார்டைசேஷன். ஆனால் விற்கும்போது அப்படி இல்லை. விற்ற விலையில் இருந்து, இன்னும் எழுதித் தீர்க்காத மிச்சத்தைக் கழித்தால் வருவது முழுக்க அந்த வருடத்து லாபம். அகாடமியில் வளர்ந்த ஆளுக்கு வாங்கிய விலையே கிடையாது, அதனால் கழிக்கவும் ஒன்றும் இல்லை. விற்ற பணம் அப்படியே லாபம். ஆண்டர்சன் மாதிரிப் பையன்கள் வெளியே போவதற்கு இதுதான் காரணம், எனக்கு இது மனசுக்கு ஒப்பாத விஷயம். ஊர்ப் பையன்களை விற்றால் அதிக லாபம் என்று ஆக்கி வைத்திருக்கிற ஒரு விதி, ரசிகர்களுக்கு எதிரான விதி.

இப்போது பார்சிலோனாவுக்கு வருவோம். 2020 ஜூன் 29, அதாவது கணக்கு முடிய ஒரு நாள் இருக்கும்போது, இரண்டு டிரான்ஸ்ஃபர் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. 23 வயது ஆர்தர் பார்சிலோனாவில் இருந்து யுவென்டஸுக்கு, 72 மில்லியன் யூரோ. 30 வயது பியானிச் யுவென்டஸில் இருந்து பார்சிலோனாவுக்கு, 60 மில்லியன் யூரோ. இரண்டு பேரும் மிட்ஃபீல்டர்கள். கையில் மாறியது என்று பார்த்தால் வித்தியாசமான 12 மில்லியன்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆர்தரை 2018-இல் கிரேமியோவில் இருந்து 31 மில்லியனுக்கு, ஆறு வருட ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள் (போனஸ் தனி, அதை விட்டுவிடுவோம்). இரண்டு வருடம் எழுதித் தீர்த்தது போக மிச்சம் 21 மில்லியனுக்குக் கொஞ்சம் குறைவு. 72-இல் அதைக் கழித்தால் ஐம்பது மில்லியனுக்கு மேல் லாபம், அந்த வருடத்திலேயே. வாங்கிய பியானிச்சின் செலவோ வருடத்துக்கு 15 மில்லியன் என்று நாலு வருடத்துக்குத் தள்ளிப் போய்விடுகிறது.

அந்த வருடக் கணக்கு அழகாகிவிட்டது, அடுத்த வருடங்களின் தலையில் சுமை ஏறிவிட்டது. களத்தில் என்ன ஆனது? பியானிச் பார்சிலோனாவுக்காக ஒரு கோல் கூட அடிக்கவில்லை, ஒரே சீசன் ஆடிவிட்டு பெசிக்டாஸ் கிளப்புக்கு லோனில், அதாவது இரவலாக, போனார். இளம் வயது மிட்ஃபீல்டர் போய்விட்டார், வந்தவரும் பயன்படவில்லை. ஆட்டத்துக்கு ஆள் தேவை என்பதால் நடந்த டிரான்ஸ்ஃபர் அது இல்லை. இப்படி ஜூன் கடைசி வாரத்தில் இரண்டு கிளப்புகள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் பெரிய பெரிய விலை போட்டிருந்தால், முதலில் கணக்கைத்தான் நினைக்கவேண்டும்.

ஒப்பந்தத்தை நீட்டினால் வருடச் செலவு குறையும் என்பது உங்களுக்கே இப்போது தோன்றியிருக்கும். செல்சிக்கும் தோன்றியது. 2023 ஜனவரியில் என்ஸோ ஃபெர்னாண்டஸை சுமார் 107 மில்லியன் பவுண்டுக்கு எடுத்து எட்டரை வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வகுத்துப் பார்த்தால் வருடத்துக்குப் பன்னிரண்டரை மில்லியன் சொச்சம். ஐந்து வருடம் என்றால் இருபத்தொன்றைத் தாண்டியிருக்கும். அந்தக் கோடையிலேயே ஐரோப்பியக் கால்பந்தை நடத்துகிற யூஈஎஃப்ஏ, ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கணக்கில் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று விதி போட்டது. பிரீமியர் லீகும் பின்னாலேயே வந்தது.

செய்தியில் வரும் சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

“ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்” என்றால் ஓசி என்று நினைக்காதீர்கள். 1995-இல் போஸ்மன் வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்குப் பழைய கிளப் விலை கேட்க முடியாது. ஆனால் மிச்சமாகிற பணத்தில் ஒரு பங்கு ஆட்டக்காரருக்குக் கையெழுத்துப் போனஸாகவும், ஏஜெண்டுக்குக் கமிஷனாகவும், பெரிய சம்பளமாகவும் போய்விடும். “ரிலீஸ் கிளாஸ்” என்பது இவ்வளவு கட்டினால் கிளப்பைக் கேட்காமலே கூட்டிப்போகலாம் என்ற தொகை. ஸ்பெயினில் இது கிட்டத்தட்ட எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். 2017 ஆகஸ்ட்டில் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி 222 மில்லியன் யூரோவைக் கட்டி பார்சிலோனாவில் இருந்து நெய்மாரைக் கூட்டிப்போனது இப்படித்தான், அந்த ரெகார்டை இன்னும் யாரும் உடைக்கவில்லை. “ஆட்-ஆன்” என்பது இத்தனை மேட்ச் ஆடினால், கப் ஜெயித்தால் இவ்வளவு என்று பின்னால் சேருவது. தலைப்பில் 145 மில்லியன் என்று போட்டிருந்தால் அதில் எவ்வளவு உறுதியான தொகை, எவ்வளவு நிபந்தனை என்று பிரித்துப் பாருங்கள். 2017-இல் பார்சிலோனா வாங்கிய டெம்பெலேவுக்கு உறுதியான தொகை 105, மீதி 40 நிபந்தனை.

லோனில் இரண்டு வகை உண்டு. முடிந்த பிறகு விரும்பினால் வாங்கலாம் என்பது ஒன்று, கண்டிப்பாக வாங்கவேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும். 2022 ஆகஸ்ட்டில் அட்லெட்டிகோ மாட்ரிட் மேட்ச் பார்த்தவர்களுக்கு ஒரு விநோதம் தெரிந்தது: நல்ல ஃபார்மில் இருந்த கிரீஸ்மன் மேட்ச்சுக்கு மேட்ச் அறுபது நிமிடம் தாண்டிய பிறகுதான் உள்ளே வந்தார். அவர் பார்சிலோனாவில் இருந்து லோனில் இருந்தார். குறிப்பிட்ட அளவு மேட்ச்களில் 45 நிமிடத்துக்கு மேல் ஆடிவிட்டால் 40 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியே ஆகவேண்டும் என்பது நிபந்தனை. கடைசியில் இரண்டு கிளப்புகளும் பேசி, அக்டோபரில் அதில் பாதி அளவு தொகைக்கு முடித்துக்கொண்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் பார்சிலோனா அவருக்குக் கட்டியது 120 மில்லியன். உங்கள் டீமில் ஒருவர் ஏன் ஆடவில்லை என்று கோச்சைத் திட்டும் முன் ஒப்பந்தத்தையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

யாரை நம்புவது என்பதும் ஒரு கேள்வி. அந்தந்தக் கிளப்பைத் தினமும் பின்தொடர்கிற உள்ளூர் நிருபர்கள் இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். “விருப்பம் காட்டுகிறது”, “கண்காணிக்கிறது” என்ற வார்த்தைகளுக்குப் பெரிய மதிப்பு இல்லை. ஏஜெண்டுகள் புது ஒப்பந்தம் வாங்குவதற்காகவே இன்னொரு கிளப்பின் பெயரை விடுவதுண்டு. “மெடிக்கல் (உடல் பரிசோதனை) முடிந்தது” என்றால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவேண்டும்.

கையெழுத்து போட்டால் போதாது, பதிவு ஆகவேண்டும்

ஸ்பெயின் லீகைப் பார்ப்பவர்களுக்கு இது உயிர்நாடி. லா லிகா ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு உச்சவரம்பு கொடுக்கிறது. சம்பளமும், மேலே சொன்ன வருடக்கணக்கு செலவும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. இங்கிலாந்தில் செலவு செய்த பிறகு தண்டனை, ஸ்பெயினில் செலவு செய்வதற்கு முன்னாலேயே கதவு சாத்தல். தாண்டினால் புதிய ஆளைப் பதிவு செய்யமாட்டார்கள். பதிவு இல்லாவிட்டால் பயிற்சி செய்யலாம், ஜெர்சியோடு போட்டோ எடுக்கலாம், லீக் மேட்ச் ஆட முடியாது.

பார்சிலோனாவின் வரம்பு 2019-20 சீசனில் 671 மில்லியன் யூரோ. இரண்டு வருடம் கழித்து அது 98 மில்லியனுக்கும் கீழே. 2022 மார்ச்சில் மைனஸ் 144 மில்லியன். தவறாக அச்சாகவில்லை, மைனஸ்தான். கோவிட் காலத்தில் காம்ப் நௌ காலியாகக் கிடந்தது ஒரு காரணம், ஆனால் எல்லாக் கிளப்புக்கும்தான் மைதானம் காலி. இவர்களுக்கு மட்டும் இவ்வளவு அடி விழுந்தது சம்பளத்தால். 2021 ஆகஸ்ட்டில் தலைவர் லப்போர்ட்டா சொன்ன கணக்கு இது: மெஸ்ஸியோடு சேர்த்தால் சம்பளம் வருமானத்தில் 110 சதவீதம், மெஸ்ஸி இல்லாவிட்டாலும் 95 சதவீதம். கடன் 1,350 மில்லியன் யூரோ என்றார். மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார், அப்போதும் பதிவு செய்ய இடம் இல்லை. ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவர் மேடையில் நின்று பேச முடியாமல் அழுதார், இரண்டு நாளில் பாரிஸில் கையெழுத்து. பதிமூன்று வயதில் வந்த பையனை அந்தக் கிளப் ஒரு ரூபாய் கூட வாங்காமல் வழியனுப்பியது. இதைச் செய்தது எதிரணி எதுவும் இல்லை, வருடக்கணக்காக யோசிக்காமல் போட்ட ஒப்பந்தங்கள். அதே மாதம் டிஃபெண்டர் பிக்கே தன் சம்பளத்தைப் பெரிய அளவில் குறைத்துக்கொண்ட பிறகுதான், புதிதாக வந்த டிப்பையையும் எரிக் கார்சியாவையும் பதிவு செய்ய முடிந்தது.

இது அத்தோடு முடியவில்லை. 2024 கோடையில் லைப்சிக்கில் இருந்து டானி ஓல்மோவை 55 மில்லியனுக்கு வாங்கினார்கள். முதல் இரண்டு மேட்ச் அவர் ஆடவில்லை, காயம் எதுவும் இல்லை, இடம் இல்லை. அப்போது டிஃபெண்டர் கிறிஸ்டென்சனுக்கு நீண்ட நாள் காயம் வந்தது. லா லிகா விதிப்படி, நீண்ட காலம் ஆட முடியாதவரின் சம்பளத்தில் 80 சதவீதம் வரை தற்காலிகமாக வேறொருவருக்குப் பயன்படுத்தலாம். அந்த இடத்தில் ஓல்மோ பதிவானார், அன்றைக்கே ராயோ வயேகானோ மைதானத்தில் இடைவேளைக்குப் பிறகு இறங்கி வெற்றி கோல் அடித்தார். ஆனால் அந்தப் பதிவு டிசம்பர் 31 வரைக்கும்தான். புது வருடத்தன்று ஓல்மோ பட்டியலில் இல்லை. கட்டி முடிக்காத மைதானத்தின் விஐபி பாக்ஸ்களை முன்கூட்டியே விற்றுக் காட்டி, கடைசியில் அரசின் விளையாட்டு கவுன்சில் ஜனவரி 8-ஆம் தேதி தற்காலிக அனுமதி கொடுத்து, அப்புறம்தான் அவர் மறுபடி ஆடினார். ஸ்பெயினில் ஒரு டிரான்ஸ்ஃபர் என்றால் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி “எவ்வளவு?” என்பது இல்லை, “பதிவு ஆயிற்றா?” என்பதுதான்.

நாளைய வருமானத்தை இன்றைக்கே விற்றால்

2022-இல் “பலங்கா” (நெம்புகோல்) என்ற ஸ்பானிஷ் வார்த்தை எல்லா மொழிச் செய்தியிலும் புழங்கியது. வரம்பை ஏற்றவேண்டும், கையில் பணம் இல்லை. அதனால் லா லிகா ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 வருடத்துக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று அரை பில்லியன் யூரோவுக்கு மேல் எடுத்தார்கள். மாந்தோப்பில் கால்வாசி மரங்களின் காயை இருபத்தைந்து வருடத்துக்குக் குத்தகைக்கு விட்டு, மொத்தப் பணத்தையும் இந்த வருடமே வாங்கிக்கொள்வது மாதிரி. பார்சா ஸ்டுடியோஸ் என்ற துணை நிறுவனத்தில் 49 சதவீதத்தை 200 மில்லியனுக்கு விற்பதாகவும் அறிவித்தார்கள். அதில் வரவேண்டிய பணம் ஒழுங்காக வராமல் பிற்பாடு கணக்கில் அடி விழுந்தது.

அந்தப் பணத்தில் லெவன்டோவ்ஸ்கி, ரஃபீன்யா, கூண்டே மூன்று பேரும் வந்தார்கள், 2023-இல் லீக் ஜெயித்தார்கள். சரியா தவறா? லெவன்டோவ்ஸ்கிக்கு அப்போது 33 வயது முடிந்து 34 நெருங்கியிருந்தது. இருபத்தைந்து வருட வருமானத்தை விற்று மூன்று நாலு வருடம் ஆடப்போகிறவரை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ரஃபீன்யாவும் கூண்டேவும் வேறு விஷயம், இருவரும் இருபதுகளில் இருந்தார்கள், போட்ட பணத்துக்கு மேல் உழைத்துவிட்டார்கள். வாங்குகிற ஆளின் ஆட்டக் காலமும், அந்தப் பணத்துக்காக அடகு போகிற காலமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இப்போது மைதானத்துக்கு வாருங்கள்

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஆள் நிற்க இடம் இல்லாவிட்டால் வீண். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம், கோச்சிங் படிப்பு தேவையில்லை. ஒரு தாளில் மைதானத்தை நீளவாக்கில் ஐந்து பட்டையாகப் பிரியுங்கள்: இரண்டு ஓரம், நடு, ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இரண்டு பட்டை. உங்கள் டீம் பந்தோடு தாக்கும்போது ஒவ்வொரு பட்டையிலும் யார் நிற்கிறார் என்று எழுதுங்கள். அப்புறம், வரப்போகிறவர் பழைய கிளப்பில் ஆடிய ஒரு முழு மேட்ச்சைப் பாருங்கள். கோல் தொகுப்பு வீடியோ வேண்டாம், அதில் எல்லாருமே நன்றாகத்தான் ஆடுவார்கள். அவர் பந்தை எந்தப் பட்டையில், கோலைப் பார்த்தபடியா முதுகைக் காட்டியபடியா வாங்குகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை நெய்மார் போன பிறகு பார்சிலோனா வாங்கியவர்களுக்குப் போட்டுப் பாருங்கள். போனவர் இடது ஓரத்தில் விரிந்து நின்று டிஃபெண்டரைத் தாண்டிப் போகிறவர். 2018 ஜனவரியில் சுமார் 120 மில்லியனுக்கும் ஆட்-ஆனுக்கும் வந்த கோட்டின்யோ உள்ளே வந்து பந்து கேட்கிறவர். 2019-இல் வந்த கிரீஸ்மன் அட்லெட்டிகோவில் இரண்டாவது ஸ்ட்ரைக்கராக, ஸ்ட்ரைக்கருக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவே சுற்றியவர். அந்த இடத்தில்தான் மெஸ்ஸி இருந்தார், அவரை யாரும் நகர்த்தப் போவதில்லை. அதனால் இருவரும் இடது ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். இரண்டு பேரும் கெட்ட ஆட்டக்காரர்கள் கிடையாது. கோட்டின்யோ 2020 ஆகஸ்ட்டில் பயர்னுக்கு லோனில் இருந்தபோது, பார்சிலோனா 8-2 என்று தோற்ற மேட்ச்சில் மாற்றாக இறங்கி இரண்டு கோல் போட்டார். போட்டது தன் சொந்தக் கிளப்புக்கு எதிராகவே.

லிவர்பூல் அதே கோட்டின்யோ பணத்தை எப்படிச் செலவு செய்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களுக்கு முன்வரிசையில் சாலா, மானே, ஃபிர்மினோ இருந்தார்கள். ஓட்டை பின்னால்தான். 75 மில்லியன் பவுண்டுக்கு வான் டைக், அந்தக் கோடையில் ரோமாவில் இருந்து கோல்கீப்பர் அலிசன். 2019 மே 7, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது மேட்ச் (லெக்), எதிரில் பார்சிலோனா. முதல் லெக்கில் 3-0 என்று பின்தங்கியிருந்த லிவர்பூல், சாலாவும் ஃபிர்மினோவும் இல்லாமலே 4-0 என்று ஜெயித்தது. கோட்டின்யோ இரண்டாம் பாதியில் மாற்றப்பட்டு வெளியே போனார். அலெக்சாண்டர்-ஆர்னால்ட் கார்னரில் இருந்து திரும்பி நடக்கிற மாதிரி நகர்ந்து, சட்டென்று திரும்பி வந்து பந்தை அடித்ததும், ஒரிகி ஒருவர் மட்டும் விழித்திருந்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. விற்ற கிளப் அந்த வருடம் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தது, அடுத்த வருடம் லீக்.

தந்திரமும் கணக்கும் சேர்ந்து போகிற இன்னொரு மேட்ச் உண்டு, புதியவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். 2024 அக்டோபர் 26, பெர்னபெவு, ரியல் மாட்ரிட் 0 பார்சிலோனா 4. பார்சிலோனா கோச் ஹான்சி ஃபிளிக்கின் டிஃபென்ஸ் வரிசை கிட்டத்தட்ட நடுக்கோடு வரை ஏறி நிற்கும். முதுகுக்குப் பின்னால் அரை மைதானம் காலி, எதிரில் எம்பாப்பேவும் வினிசியஸும். பார்க்கிற நமக்கே பயமாக இருக்கும். ஆனால் எம்பாப்பே மட்டும் எட்டு முறை ஆஃப்சைடு, அவர் அடித்த கோலும் அதனால் ரத்தானது. பந்தைப் பார்க்காமல் நாலு டிஃபெண்டர்களை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். மாட்ரிட் மிட்ஃபீல்டரை யாராவது நெருக்கிப் பிடித்தால் வரிசை முன்னால் ஏறுகிறது. யாரும் நெருக்காமல் அவர் தலை நிமிர்ந்து பார்த்தால் பின்வாங்குகிறது. முன்னால் இருப்பவர்கள் ஓடி நெருக்காவிட்டால் பின்னால் இருப்பவர்களின் கோடு உடைந்துவிடும். அதனால்தான் இந்த முறைக்கு ஆள் எடுக்கும்போது, விங்கர் எவ்வளவு கோல் அடிப்பார் என்பதோடு, பந்து இல்லாதபோது எவ்வளவு ஓடுவார் என்றும் பார்க்கவேண்டும். ரஃபீன்யாவின் மதிப்பு ஏறியது இப்படித்தான்.

அன்றைக்கு ஆரம்பத்தில் ஆடிய கோல்கீப்பரையும் நாலு டிஃபெண்டர்களையும் விலையோடு எழுதிப் பாருங்கள். இன்யாகி பென்யா, பால்டே, குபார்சி மூவரும் அகாடமி. இனிகோ மார்டினெஸ் ஃப்ரீ டிரான்ஸ்ஃபர். கூண்டே 50 மில்லியன். ஐந்து பேருக்கும் சேர்த்துக் கட்டிய டிரான்ஸ்ஃபர் தொகை ஒரே ஒரு கூண்டேவின் விலை. கோட்டின்யோவுக்குப் போட்டதில் பாதி கூட இல்லை. மூன்றாவது கோல் அடித்த யமாலுக்கு 17 வயது, அவரும் அகாடமி. பணம் இல்லாமல் போனதால்தான் இந்தப் பையன்களுக்குக் கதவு திறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2018-இன் செலவு கை ஓயாமல் இருந்திருந்தால் குபார்சி வேறெங்காவது லோனில் இருந்திருப்பார்.

அதே வரிசை எப்போது உடையும் என்பதையும் அடுத்த மே மாதம் இன்டர் மிலான் காட்டியது, அரையிறுதி இரண்டு லெக்கும் சேர்த்து 7-6. அப்புறம் 2025 ஆகஸ்ட்டில் இனிகோ மார்டினெஸ் அல் நாசருக்குப் போனார். அவர் சம்பளம் கணக்கில் இருந்து நீங்கியதால் பதிவுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது, ஆனால் எப்போது ஏறு, எப்போது இறங்கு என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். கணக்கில் வந்த மிச்சத்துக்கு அந்தச் சீசன் தொடக்கத்தில் டிஃபென்ஸ் விலை கொடுத்தது.

கிளப் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறதா?

பார்சிலோனாவுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள், அது தப்பித்துக்கொள்ளும். சின்ன ஊர்க் கிளப்புகள் அப்படி இல்லை. வருமானத்தில் சம்பளம் எத்தனை சதவீதம் என்று முதலில் பாருங்கள். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு, சம்பளமும் டிரான்ஸ்ஃபர் செலவும் ஏஜெண்டு கமிஷனும் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதம் என்பது யூஈஎஃப்ஏ வரம்பு. அடுத்து, இன்னும் ஜெயிக்காத போட்டியின் பணத்தை நம்பி இப்போதே செலவு செய்கிறார்களா என்று பாருங்கள். லீட்ஸ் யுனைடெட் வருங்கால டிக்கெட் வருமானத்தைக் காட்டி 60 மில்லியன் பவுண்டு கடன் வாங்கி டீம் கட்டியது. 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனார்கள். ஆனால் அந்த சீசன் லீகில் ஒரே ஒரு புள்ளியில் லிவர்பூலுக்குப் பின்னால் நாலாவது இடம், அடுத்த வருடச் சாம்பியன்ஸ் லீக் இல்லை. அந்த ஒரு புள்ளியில் சரிய ஆரம்பித்தது. ரியோ ஃபெர்டினாண்டை விற்றார்கள், 2004-இல் லீகை விட்டு இறங்கினார்கள், மைதானத்தையே விற்றார்கள், 2007-இல் மூன்றாம் டிவிஷன். திரும்பி வர 2020 ஆனது.

சம்பளம் தாமதம், ஆண்டறிக்கை தாமதம், மைதானத்தை உரிமையாளரின் இன்னொரு கம்பெனிக்கு விற்பது, இந்த மூன்றில் எது வந்தாலும் கவனியுங்கள். போர்ட்ஸ்மவுத் 2008-இல் எஃப்ஏ கப் ஜெயித்தது, 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 2013-இல் நாலாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது. பாக்கிப் பட்டியலில் மைதானத்தில் முதலுதவி செய்கிற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் இருந்தது. இங்கிலாந்து விதிப்படி மற்ற கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் உள்ள பாக்கியை முழுசாகத் தீர்க்கவேண்டும், மற்றவர்கள் மிஞ்சியதைப் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். இது அநியாயம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கடைசியில் கிளப்பை மீட்டது அந்த ஊர் ரசிகர்கள்தான், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு 2013-இல் வாங்கினார்கள்.

அடுத்த விண்டோவுக்கு முன்னால்

ஒரே ஒரு கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் பின்தொடர வேண்டாம். ஒரு நோட்டில் ஆட்டக்காரர் பெயர், வாங்கிய வருடம், விலை, ஒப்பந்தம் முடியும் வருடம், வயது என்று ஐந்து கட்டம் போடுங்கள். ஒப்பந்தம் ஒரு வருடத்தில் முடிகிறவர்களை வட்டம் போடுங்கள், கோடை முழுக்க வரப்போகிற செய்தி அவர்களைப் பற்றித்தான். ஸ்பெயின் கிளப் என்றால் லா லிகா ஒவ்வொரு விண்டோ முடிந்த பிறகும் எல்லாக் கிளப்பின் வரம்பையும் வெளியிடுகிறது, அதைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து கிளப் என்றால் இன்னும் வசதி. ஆண்டறிக்கை முழுவதும் கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஜூன் 30-இல் கணக்கு முடிக்கிற கிளப்புகள் பெரும்பாலும் மார்ச் 31-க்குள் தாக்கல் செய்துவிடவேண்டும். எண்பது தொண்ணூறு பக்கம் இருந்தாலும் பயப்படவேண்டாம். சம்பளச் செலவு, மொத்த வருமானம், கடனுக்குக் கட்டிய வட்டி, மூன்றையும் முதலில் எடுங்கள். அப்புறம் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். கணக்கு முடிந்த தேதிக்குப் பிறகு நடந்தவை என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் கோடையில் யாரையெல்லாம் வாங்கி விற்றார்கள், மொத்தம் எவ்வளவு என்பது அங்கே கிளப்பே எழுதியிருக்கும். கோடையில் நீங்கள் படித்த விலைகளைக் கூட்டி அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எந்த நிருபரின் கணக்கு கிட்டத்தில் வருகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.